ஜெர்ரி கேனிலிருந்து டேங்குக்கு, ஒரு சொட்டுச் சிந்தாமல்

மணாலியிலிருந்து லே போகும் வழியில் பாங் தாண்டியதும் மோர் சமவெளி வரும். ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரம். மதியத்துக்கு மேல் அங்கே காற்று சும்மா இருக்காது. என் முதல் லடாக் பயணத்தில் அந்த இடத்தில்தான் வண்டியை நிறுத்தி, 20 லிட்டர் கேனைத் தூக்கிப் பிடித்து, பிளாஸ்டிக் புனல் வைத்து டீசல் ஊற்றினேன். கேன் குளக் குளக் என்று மூச்சு வாங்கியது. நான் அதைவிட மோசமாக மூச்சு வாங்கினேன். காற்று ஒரு தட்டுத் தட்டியதில் புனல் சாய்ந்து, பேன்ட், ஷூ, சாக்ஸ் எல்லாம் டீசல். ஹீட்டர் போட்ட வண்டிக்குள் அந்த நாற்றத்தோடு மூன்று நாள் போக வேண்டியிருந்தது. கூட வந்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த அமைப்பைச் செய்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கேனைத் தூக்காமல், புனல் பிடிக்காமல், கையில் படாமல் டீசலை டேங்குக்குள் இறக்க வேண்டும், அவ்வளவுதான். தார், பொலேரோ, பழைய டீசல் ஜீப் மாதிரி வண்டி வைத்துக்கொண்டு முதல் முறையாக இப்படி ஒரு பயணம் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எவ்வளவு டீசல், எந்தக் கேன்

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். லேயிலிருந்து ஹான்லே போய், அங்கிருந்து உம்லிங் லா கணவாய் ஏறி, வந்த வழியே திரும்பினால் 650 கி.மீ.யைத் தொடும். என் தாரின் டேங்க் 57 லிட்டர். அந்த ஏற்றத்தில், முதல் இரண்டு கியரிலேயே பாதி நேரம் போனால், லிட்டருக்கு 9 கி.மீ. கிடைப்பதே பெரிது. ஆக 72 லிட்டர் வேண்டும். ஒரு கேன் எடுத்துப் போனால் கையில் 77 லிட்டர். கணக்குச் சரியாக வருகிறது, ஆனால் ஒரு தடவை வழி தவறினால் போயிற்று. அதனால் நான் எடுத்துப் போவது இரண்டு கேன்.

கேன் என்றால் இரும்பு ஜெர்ரி கேன். 1937இல் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைத்த அதே உருவம்தான் இன்றும் விற்கிறது. ஜெர்ரி என்பது பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மானியர்களுக்கு வைத்த பட்டப்பெயர். மேலே மூன்று கைப்பிடி இருப்பதற்கும் காரணம் உண்டு. நிரம்பிய கேனை இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரப் பிடியைப் பிடித்துத் தூக்கலாம். காலிக் கேன் இரண்டை ஒருவரே ஒரு கையில் பிடித்துப் போகலாம். பக்கவாட்டில் உள்ள பள்ளமான அச்சு, உள்ளே அழுத்தம் ஏறும்போது தகடு புடைக்க இடம் கொடுக்கிறது. தண்ணீர் கேன், சமையல் எண்ணெய் டின் எல்லாம் வேண்டாம். பல பங்க்குகளில் அவற்றில் டீசல் தரவே மாட்டார்கள். தந்தாலும் மூடி கசியும்.

சட்டப்படி டீசல் பெட்ரோலியத்தில் பி வகுப்பு. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் 40 லிட்டர் அதன் பக்கத்தில்கூட வராது. பெட்ரோல் ஏ வகுப்பு. விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு என்றாலும் 30 லிட்டர்தான். வண்டிக்கு அடியில் இரண்டாவது டேங்க் பற்றவைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வண்டியின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கழற்றி வைக்கக்கூடிய அமைப்பாகவே இருக்கட்டும்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் கவனிக்க

ஜிப்ஸி, ஜிம்னி வைத்திருப்பவர்கள் அடுத்து வரும் குலுக்கும் ஹோஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பம்ப் வேண்டாம். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு எழும். டீசல் அப்படி இல்லை. மிதமான வெப்பத்தில் அதன் மேல் தீக்குச்சி காட்டினாலும் சட்டென்று பற்றாது. இணையத்தில் விற்கும் மலிவு விலை டீசல் பம்ப்பின் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி பறக்கும். அதைப் பெட்ரோலோடு சேர்ப்பது தற்கொலை. ஒருமுறை பெட்ரோல் வைத்த கேனில் டீசல் நிரப்புவதும் ஆபத்துதான். மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியும், டீசல் விழும் வேகத்தில் பிறக்கும் நிலைமின்சாரமும் சேர்ந்தால் போதும். கேனில் பெரிய எழுத்தில் டீசல் என்று பெயின்ட் அடித்துவிடுங்கள்.

குலுக்கும் ஹோஸ்

பத்தில் எட்டுப் பேருக்கு இதுவே போதும். நானும் பம்ப் செய்து முடித்த பிறகு இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

ஒரு ஹோஸ். அதன் ஒரு முனையில் பித்தளைத் தலை. தலைக்குள் ஒரு சின்னக் குண்டு, அடியில் ஓட்டை. ஷேக்கர் சைஃபன் என்று கேட்டால் கிடைக்கும். தலையை டீசலில் மூழ்கவைத்து மேலும் கீழும் படபடவென்று ஆட்ட வேண்டும். கீழே இறக்கும்போது குண்டு விலகி டீசல் உள்ளே ஏறும். மேலே தூக்கும்போது குண்டு ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். ஏழெட்டு ஆட்டலில் டீசல் ஹோஸின் மேட்டைத் தாண்டிவிடும். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தலாம், அதுவாக ஓடும். லாரி ஷெட்டில் செய்வதுபோல் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இத்தோடு விடுங்கள். ஒரு மிடறு டீசல் நுரையீரலுக்குள் போனால் மருந்துக்கு அடங்காத நிமோனியா வரலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கடையில் வரும் ஹோஸ் பெரும்பாலும் பி.வி.சி. குளிரில் அது கொம்பு மாதிரி விறைத்துவிடும், சுருளைப் பிரிக்கவே முடியாது. தலையை மட்டும் வைத்துக்கொண்டு, 12 மி.மீ. உள்விட்டமுள்ள பாலியூரித்தேன் ஹோஸ் இரண்டரை மீட்டர் வாங்கி மாட்டுங்கள். டீசலுக்கும் குளிருக்கும் தாங்கும், உள்ளே ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும். தலையில் ஹோஸை ஏற்றுவதற்கு முன் முனையை வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் சுலபமாக ஏறும். ஏறிய பின் துடைத்துக் காயவைத்து, ஸ்டீல் கிளிப் போட்டு முறுக்குங்கள்.

கீழ் முனையில் ஒரு சின்னப் பித்தளை பால் வால்வ் (ball valve, பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) வேண்டும். இது இல்லாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டேங்க் நிரம்பி வழியும்போது ஓட்டத்தை நிறுத்த வேறு வழியில்லாமல், கட்டை விரலால் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். வால்வ் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் நுனியில் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். நுனி வரை சுற்றினால் டேப்பின் நார் பிய்ந்து டீசலோடு போகும். டீசல் தாங்கும் மரைப் பசை கிடைத்தால் இன்னும் நல்லது.

வால்வுக்குப் பிறகு ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியக் குழாய். அதுதான் டேங்க் வாய்க்குள் போகும். தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிடாமல் இருக்கச் சில டீசல் வண்டிகளில் டேங்க் கழுத்துக்குள் ஒரு மடல் இருக்கும். டீசல் நாசில் அளவுக்குத் தடியான குழாய் நுழைந்தால்தான் அது திறக்கும். வண்டியோடு ஒரு கறுப்புப் புனல் கொடுத்திருப்பார்கள், டூல்ஸ் பையில் தேடிப் பாருங்கள். அதற்குள் உங்கள் குழாய் நிற்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

வேகம் உயர வித்தியாசத்தைப் பொறுத்தது. கேன் மேற்கூரைக் கேரியரில் இருக்க, டேங்க் வாய் முக்கால் மீட்டர் கீழே இருந்தால் 20 லிட்டர் மூன்று நாலு நிமிடத்தில் இறங்கிவிடும். பானட் மேல் கேனை வைத்தால் கடைசி நாலு லிட்டர் அழ வைக்கும். கேரியர் இல்லாதவர்கள் பாதையோரத் திட்டு ஒன்றைப் பார்த்து வண்டியைப் பக்கத்தில் ஓட்டி நிறுத்துவது உத்தமம். உயரத்தில் சைஃபன் வேலை செய்யுமா என்ற சந்தேகம் வேண்டாம். 19,024 அடி உம்லிங் லாவில் காற்றழுத்தம் பாதியாகக் குறைந்தாலும், டீசலை ஐந்து மீட்டருக்கு மேல் தூக்க அது போதும். நம் ஹோஸின் மேடு ஒரு முழம்கூட இல்லை.

12 வோல்ட் பம்ப்

கேன் வண்டியின் பின்பக்கம் தாழ்வாக இருக்கிறது, அல்லது முதுகு வலிக்காரர், அல்லது நாலைந்து வண்டிகளுக்கு ஒருவரே டீசல் சுமக்கிறார் என்றால் பம்ப் நியாயம். மற்றபடி அது ஆசைக்குத்தான். எனக்கும் ஆசைதான்.

கேனுக்குள் மூழ்கும் பம்ப்பும் உண்டு, வெளியே வைக்கும் பம்ப்பும் உண்டு. மூழ்குவது மலிவு; ஆனால் ஒயரும் சீலும் டீசலுக்குள்ளேயே கிடக்கும், மட்டமான சீல் போட்டதும் சந்தையில் நிறைய. நான் வெளியே வைக்கும், தானே உறிஞ்சும் வகையை எடுத்தேன். வாங்கும்போது டீசலுக்கு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்ற மூன்றையும் பாருங்கள். 60 வாட் பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்; கேன் வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கேன் வாய்க்கு ஓர் அடைப்பான் வேண்டும். ரப்பர் கார்க் வைத்துப் பார்த்தேன். இயற்கை ரப்பர் டீசலில் ஊறி, இரண்டாம் நாள் ஊதிய பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் லேத் பட்டறையில் கேன் மூடியைத் திறந்து காட்டி, அந்த வாய்க்குப் பொருந்துமாறு நைலான் கட்டையைச் சற்றுக் கூம்பாகக் கடைந்து வாங்கினேன். கோவையில் லேத்துக்கா பஞ்சம்! கட்டையில் இரண்டு துளை. ஒன்றில் 10 மி.மீ. அலுமினியக் குழாய், கேனின் அடியிலிருந்து 15 மி.மீ. மேலே நிற்கும் நீளத்தில். இன்னொன்றில் 6 மி.மீ. குழாய், கட்டைக்குக் கீழே கொஞ்சம் மட்டும் நீட்டிக்கொண்டு. இது காற்று உள்ளே போக. இந்தக் காற்றுத் துளை இல்லாவிட்டால் பம்ப் கொஞ்ச நேரம் முக்கிவிட்டு நின்றுபோகும், கேன் உள்வாங்கி நசுங்கும். அடியில் 15 மி.மீ. விடுவது எதற்கென்றால், தண்ணீரும் மண்ணும் அங்கேதான் தங்கும். அந்தக் கடைசி மிச்சத்தை எடுக்க ஆசைப்படாதீர்கள். செம்புக் குழாய் எளிதாகக் கிடைக்கும், ஆனால் செம்பும் துத்தநாகமும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால் அலுமினியம். துளை போடுவதெல்லாம் கட்டையில் மட்டும். டீசல் வைத்த கேனில் டிரில் வைக்கவே கூடாது.

கேனிலிருந்து பம்ப் வரைக்கும் என்.பி.ஆர். (எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர்) எரிபொருள் ஹோஸ்; உறிஞ்சும்போது சப்பிப் போகாத தடிமன் வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் கிளிப். பம்ப்பிலிருந்து டேங்க் வரை முன்பு சொன்ன பாலியூரித்தேன் ஹோஸ், வால்வ், குழாய். பம்ப் மேல் உள்ள அம்புக்குறி டேங்க் பக்கம் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை தலைகீழாக மாட்டினேன். பம்ப் ஓடும்போது வால்வைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நிறுத்துவது எப்போதும் ஸ்விட்ச்சில்.

ஒயரிங்கில் சோம்பல் கூடாது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், 5 ஆம்பியர் பம்ப்புக்கு 7.5 ஆம்பியர். ஒயர் 2.5 சதுர மி.மீ. முன்னாலுள்ள பேட்டரியிலிருந்து பின்பக்கம் வர ஒரு வழிக்கு 5 மீட்டர் என்று வைத்தால், போகவர 10 மீட்டரில் 0.4 வோல்ட்கூட இழக்காது. வீட்டில் கிடந்த 0.75 ஒயரைப் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும், மோட்டார் சூடாகும். முதலைக் கிளிப்பைப் பேட்டரியில் கவ்வவைக்கும் முறை எனக்குப் பிடிக்காது. கவ்வும்போதும் எடுக்கும்போதும் பொறி வரும். ஒயரை நிரந்தரமாக இழுத்து, பின்பக்கம் ஓர் ஆண்டர்சன் பிளக் (பேட்டரி ஒயர்களுக்கான கனமான செருகி) போட்டுவிடுங்கள். ஸ்விட்ச் டேங்க் வாயிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி இருக்க வேண்டும். ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது பிளக்கைச் செருகுவது, பிறகு ஓட்டுவது, நிறுத்திய பிறகே உருவுவது. கார்பெட்டுக்கு அடியில் ஒயர் போகும் இடமெல்லாம் ஸ்லீவ் போடுங்கள். தகட்டு விளிம்பு ஒயரை அறுத்தால் ஃபியூஸ்தான் வண்டியைக் காப்பாற்றும்.

வடிகட்டுவது

பழைய ஜீப் எதைக் குடித்தாலும் ஓடும். இப்போதைய காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அப்படியில்லை. 1,600 பார், அதற்கு மேலும் அழுத்தத்தில் டீசல் ஓடும் இன்ஜெக்டருக்குள் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லடாக்கின் மாவு போன்ற தூசி அதற்கு எமன். வேட்டித் துணியில் வடிகட்டலாம் என்பார்கள். தூசி நிற்கும், துணியின் பஞ்சு போய்ச் சேரும்.

பம்ப் வைத்தவர்கள் பம்ப்புக்கு முன்னால் கண்ணி வடிகட்டி ஒன்று, பின்னால் நுண் வடிகட்டி ஒன்று வையுங்கள். நுண் வடிகட்டியை முன்னால் வைத்தால் பம்ப் உறிஞ்சத் திணறும். குலுக்கும் ஹோஸ்காரர்களுக்கு நீர் பிரிக்கும் புனல் போதும். டெஃப்லான் பூசிய கம்பி வலை டீசலை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். முதல் முறை அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தபோது, இத்தனை நாள் இதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று வயிறு கலங்கியது.

எல்லாம் முடிந்ததும் 5 லிட்டர் டீசல் வைத்து வீட்டு வாசலில் சோதித்துப் பாருங்கள். தண்ணீர் வைத்துச் சோதிக்காதீர்கள். பம்ப்புக்குள் தங்கும் ஈரம் முதல் பயணத்தில் டேங்குக்குத்தான் போகும்.

நிரப்புவதும் கட்டுவதும்

ஊரிலிருந்தே கேனை நிரப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை. காலியாகக் கட்டிப் போய், மணாலி-லே சாலையில் உள்ள தாண்டி (Tandi) என்ற ஊரில் நிரப்புங்கள். அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்ற பலகை வெகுகாலம் நின்ற ஊர் அது. பனிக்காலம் நெருங்கும்போது போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சமவெளி டீசல் கடுங்குளிரில் மெழுகாகக் கட்டிக்கொள்ளும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019இல் லடாக்குக்கென்றே கொண்டுவந்தார்கள். அதை லேயில் நிரப்பிக்கொள்ளலாம்.

பங்க்கில் கேனைக் கட்டாயம் தரையில் இறக்கி வைக்க வேண்டும். நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும், மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்துவிட்டது. கந்தகத்தை நீக்கும்போதே டீசலின் மின்கடத்தும் திறனும் குறைகிறது, நிலைமின்சாரம் வடிய நேரமெடுக்கிறது. பங்க்கில் இருக்கும் அண்ணனுக்கு நேரமில்லை என்றால், தம்பி மலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பொறுமையாக அடிப்பார்கள். விளிம்பு வரை வேண்டாம், 19 லிட்டரோடு நிறுத்துங்கள். விரிய இடம் வேண்டும்.

நிரம்பிய இரும்புக் கேன் ஒன்று 20 கிலோவைத் தாண்டும். இரண்டைக் கேரியரில் வைத்தால் வளைவில் வண்டி சாய்வது தெரியும், அதனால் நடுவில், படுக்கவைக்காமல் நிறுத்தி, ராட்செட் பெல்ட் இரண்டு போட்டு இறுக்குங்கள். கேனுக்கு அடியில் பழைய டியூப் ரப்பர் துண்டு ஒன்று. இல்லாவிட்டால் கரடுமுரடான பாதையில் இரும்போடு இரும்பு தேய்ந்து ஒரே நாளில் ஓட்டை விழும். வண்டிக்குள் ஆட்களோடு கேன் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வழியில் ஊற்றும்போது

டேங்க் கால்வாசிக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். காற்று இல்லாத காலை வேளை, சமதளம் கிடைத்தால் அரை டேங்கிலேயே இறக்கிவிடலாம். கேரியரின் பாரமும் குறையும். இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சிகரெட்காரர்களை அந்தப் பக்கம் அனுப்புங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் தரையில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் பூட்டி வைத்தால் பயனில்லை.

மூடியைத் திறக்கும் முன், நிலைமின்சாரப் பொறி வராமல் இருக்க, கேனுக்கும் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் இடையே ஒரு ஒயர் மாட்டுங்கள். மூடியை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். கீழே மூடிய கேனுக்குள் இருக்கும் காற்று, மோர் சமவெளி போல அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 56 சதவீதமாகக் குறைந்த இடத்தில் புஸ்ஸென்று சீறும். துணி ஒன்றைப் போட்டு, பிடியைக் கொஞ்சம் நெகிழ்த்தி, சத்தம் அடங்கியதும் திறங்கள். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே அதையும் திறக்க வேண்டும். நீல மூடி இருந்தால் அது யூரியா கரைசல் ஊற்றும் இடம். அவசரத்தில் அதில் டீசல் ஊற்றினால் பயணம் அங்கேயே முடிந்தது.

சைஃபனில் டீசல் இறங்கி முடிந்ததும் முதலில் மேல் முனையை வெளியே எடுங்கள், வால்வ் திறந்தே இருக்கட்டும். ஹோஸுக்குள் நிற்கும் கால் லிட்டர் டேங்குக்குப் போய்விடும். முதலில் கீழ் முனையை உருவினால் அந்தக் கால் லிட்டர் உங்கள் ஷூவுக்கு. ஹோஸின் இரண்டு முனைக்கும் மூடி போட்டு, சுருட்டி, ஜிப் வைத்த பையில் போடுங்கள். கைகளைத் துடைக்க எப்போதும் தனித் துணி. டீசல் ஊறிய துணியைக் கசக்கி டிக்கியில் போடாமல், விரித்துக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.

கேன் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரில் கூடுதலாக இரண்டு வாங்கி, பாலிதீன் உறையில் போட்டு, கேனின் நடுக் கைப்பிடியில் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். விலை ஐம்பது ரூபாய்கூட இருக்காது, ஆனால் அது கழன்று மண்ணில் விழுந்தால் லே திரும்பும் வரை கேன் கசிந்துகொண்டே வரும்.